வழக்கத்தை மாற்றும் முன்: ‘ஏன்’ என்று கேட்டால் கிடைக்காத காரணங்கள்

கேள்வி இதுதான்: “ஒரு வழக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் அதன் காரணத்தைப் புரிந்துகொள் என்கிறார்கள். மாற்றத்தைத் தள்ளிப்போட நினைப்பவர்கள் சொல்லும் சாக்குதானே இது? உண்மையிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்றால் அதை எப்படிச் செய்வது?”

சாக்காகப் பயன்படுகிறது என்பது உண்மை. “இதன் ஆழம் உனக்குத் தெரியாது” என்று சொல்லி ஒருவர் வாயை அடைப்பது மிகச் சுலபம். அப்படிச் சொல்பவரிடம் திருப்பிக் கேளுங்கள்: யாரைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எத்தனை நாள் ஆகும்? அக்கறையோடு சொன்னவர் பதில் தருவார். சாக்குச் சொன்னவர் பேச்சை மாற்றுவார்.

இந்த அறிவுரையின் புகழ்பெற்ற வடிவம் ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் 1929இல் சொன்ன வேலி உவமை. சாலையின் குறுக்கே ஒரு வேலி நிற்கிறது. “இதனால் ஒரு பயனும் தெரியவில்லை, பிடுங்கிவிடலாம்” என்கிறான் ஒருவன். பயன் தெரியவில்லை என்றால் பிடுங்க விடமாட்டேன், போய்த் தெரிந்துகொண்டு வா என்கிறான் மற்றவன். தெரிந்துகொண்டு வந்தால் பிடுங்க விடலாம் என்று உவமை மேலும் சொல்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் அதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். உவமையிலேயே ஒரு குறையும் உண்டு. வேலியை யாரோ ஒருவர் யோசித்து நட்டார் என்று அது எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான வழக்கங்களை யாரும் திட்டமிட்டு நடவில்லை. பலர் பலவிதமாகச் செய்ததில் தாக்குப்பிடித்தது நின்றது, அவ்வளவுதான். தொடங்கியவர் என்ன நினைத்தார் என்று தேடிப் போனால் கதைகள்தான் கிடைக்கும்.

ஆகவே மூன்று காரணங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்: வழக்கம் எதனால் தொடங்கியது, மக்கள் இன்று என்ன காரணம் சொல்கிறார்கள், இன்று எது அதை நிறுத்தி வைத்திருக்கிறது. மாற்ற நினைப்பவருக்கு மூன்றாவதுதான் வேண்டும். இரண்டாவது ஒரு தடயம். முதலாவது பெரும்பாலும் வரலாற்று ஆர்வத்துக்கு மட்டும்.

சொல்லும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மக்காச்சோளம் நல்ல பாடம். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைப்பார்கள். தானியத்தின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுண்ணாம்பு. ஏன் என்று கேட்டால் தோல் கழலும், மாவு ஒட்டிக்கொள்ளும் என்பது பதில். பொய்யே இல்லை. சோளம் கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போனது. சுண்ணாம்பு கூடப் போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் நோய் வந்தது. ஸ்பெயினில் 1735இல் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் அதை விவரித்தார். பெல்லாக்ரா என்ற பெயர் பிறகு இத்தாலியில் வந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1914இல் ஆராயத் தொடங்கிய ஜோசப் கோல்ட்பெர்கர், இது தொற்று அல்ல, உணவில் உள்ள குறை என்று காட்டினார். குறைவது நியாசின் என்ற வைட்டமின் என்பது 1937இல்தான் தெளிவானது. சோளத்தில் நியாசின் இருக்கிறது, ஆனால் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பின் காரம் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. தோல் உரிக்கத்தான் சுண்ணாம்பு என்று கேட்டறிந்த ஒருவர், இயந்திரம் தோலை நீக்கிவிட்டால் சுண்ணாம்பு எதற்கு என்றுதானே முடிவெடுப்பார்? அவர் காரணத்தைக் கேட்டறிந்த பிறகுதான் முடிவெடுத்தார். அப்படியும் தப்பு.

எனவே ‘ஏன்’ என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அது வந்தவுடன் மனிதர்கள் நியாயம் சொல்லத் தொடங்குவார்கள். நியாயம் கேட்கப் போனவர் ஒரு தரப்பு ஆகிவிடுவார். கடைசியாக இதை எப்போது செய்தீர்கள், அன்று என்னென்ன நடந்தது என்று தொடங்குவதே மேல். பிறகு, யார் இதைச் செய்ய வேண்டியதில்லை? எப்போதெல்லாம் விட்டுக்கொடுக்கிறார்கள்? கடைசியாக மீறியவர் யார், அவருக்கு என்ன ஆனது? தண்டித்தது யார், முகம் சுளித்தது யார், கண்டுகொள்ளாமல் இருந்தது யார்? இதற்காகும் பணமும் நேரமும் உடல் நோவும் யார் தலையில் விழுகின்றன? நாளை இது நின்றுபோனால் முதலில் கவனிக்கப்போவது யார்?

இந்தக் கேள்விகளில் விதிவிலக்கு பற்றியதுதான் சுரங்கம். பஞ்சத்தில் தளரும் வழக்கம் செலவோடு தொடர்புள்ளது. வெளியூரில் இருக்கும்போது தளரும் வழக்கம் பார்க்கும் கண்களோடு தொடர்புள்ளது. எந்த நிலையிலும் தளராத வழக்கம் ஒன்று பயத்தைத் தாங்கி நிற்கிறது, அல்லது யாருடைய உரிமையையோ. ஆளுக்கு ஒரு மணி நேரமாவது பேசி, பத்துப் பன்னிரண்டு பேரைத் தாண்டும்போது பெரும்பாலும் பதில்கள் திரும்ப வரத் தொடங்கும். ஆனால் அந்தப் பன்னிருவரும் ஒரே வகையினராக இருந்தால் ஒரே பதிலைப் பன்னிரண்டு தடவை கேட்டதாகத்தான் அர்த்தம். வழக்கத்தால் லாபமடைபவர், சுமப்பவர், மீறியவர், புதிதாக வந்து சேர்ந்தவர் என்று நான்கு வகையும் வேண்டும். சுமப்பவரைப் பெரியவர்கள் முன்னால் வைத்துக் கேட்காதீர்கள். கூட்டம் போட்டுக் கேட்பது அதைவிட மோசம்.

கேட்டது போதாது, பார்க்கவும் வேண்டும். வழக்கத்தின் ஒரு முழுச் சுற்று: ஆண்டுக்கு ஒருமுறை வருவதென்றால் ஓர் ஆண்டு, அறுவடையோடு வருவதென்றால் ஒரு பருவம். இதற்கு நேரமில்லை என்றால் இல்லை என்று ஒப்புக்கொண்டு, அதற்கேற்பச் சின்னதாக மாற்றிப் பாருங்கள். பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பெரிதாக மாற்றுவதுதான் ஆபத்து.

அடுத்த தவறு, ஒரு காரணம் கிடைத்தவுடன் தேடலை நிறுத்துவது. சோவியத் ஒன்றியம் 1929இன் பிற்பகுதியில் ஏழு நாள் வாரத்தைக் கைவிட்டு ஐந்து நாள் சுழற்சியைக் கொண்டுவந்தது. நான்கு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. தொழிலாளர்கள் ஐந்து பிரிவு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம், ஒவ்வொன்றுக்கும் வேறு ஓய்வு நாள். இயந்திரம் நிற்கவே வேண்டியதில்லை. ஞாயிறு என்பது மதத்தின் மிச்சம், போகட்டும் என்பது கணக்கு. ஓய்வு நாட்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்தது: ஏழில் ஒன்று, ஐந்தில் ஒன்றானது. ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு ஒரு நாள், நண்பனுக்கு இன்னொரு நாள். தனியாகக் கழிக்கும் ஓய்வு ஓய்வாகவே இல்லை என்று மக்கள் புலம்பினார்கள். நிற்காத இயந்திரத்தைப் பழுது பார்க்க நேரம் கிடைக்கவில்லை. ஆள் மாறி ஆள் வந்ததால் இயந்திரத்துக்கு யார் பொறுப்பு என்பதும் குழம்பியது. 1931இல் எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாளோடு ஆறு நாள் வாரத்துக்குப் போனார்கள். 1940இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்பின. ஞாயிறுக்கு மதக் காரணம் இருந்தது என்பதில் பிழையில்லை. அது மட்டும்தான் என்பதில் பிழை.

ஆகவே காரணம் என்ற சொல்லை விட்டுவிட்டு வேலை என்று வைத்துக்கொள்வது உதவும். இந்த வழக்கம் என்னென்ன வேலைகளைச் செய்கிறது? உடலையோ பொருளையோ காக்கிறதா? பலருடைய நேரத்தை ஒன்றாக்குகிறதா? யாருக்கு யார் கடன்பட்டவர் என்று கணக்கு வைக்கிறதா? நம்பலாம் என்று மற்றவருக்குச் சைகை காட்டுகிறதா? சண்டை வராமல் தடுக்கிறதா? தாளில் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, வழக்கம் போன பின் இதை யார் செய்வார் என்று எழுதுங்கள். வெற்றிடமாக நிற்கும் வரியில்தான் நாளைய சிக்கல் இருக்கிறது.

அப்படி ஒரு வெற்றிட வரிக்குப் பாலித் தீவு கொடுத்த விலை பெரிது. அங்கே நெல் வயல்களின் பாசனத்தை சுபாக் என்ற உழவர் அமைப்புகள் கவனிக்கின்றன. எந்தப் பகுதி எப்போது நடவு செய்யலாம், எப்போது தரிசாகக் கிடக்க வேண்டும் என்பது நீர்க் கோயில்களின் சடங்கு நாட்காட்டியோடு சேர்ந்து முடிவாகும். 1970களில் பசுமைப் புரட்சியின் குறுகிய கால ரகங்கள் வந்தன. அவரவர் முடிந்த அளவு அடிக்கடி பயிரிடுங்கள் என்று சொல்லப்பட்டது. கோயில் முறை வெறும் சடங்காகவே அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு சில ஆண்டுகளில் தண்ணீர்ப் பங்கீடு குலைந்தது. புகையான் பூச்சியும் துங்ரோ என்ற நெற்பயிர் நோயும் பெருகின. என்ன நடந்தது? எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டால் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்பார்கள், பற்றாது. ஆளாளுக்கு ஒரு நேரத்தில் நட்டால் பூச்சிக்கு எப்போதும் ஏதோ ஒரு வயலில் தீனி இருக்கும், சாகாது. பரந்த பகுதி ஒன்றாகத் தரிசாகக் கிடந்தால்தான் அது பட்டினியில் அழியும். இந்த இரண்டு கெடுதலுக்கும் நடுவில், எத்தனை வயல்கள் சேர்ந்து நட வேண்டும் என்ற அளவைக் கோயில் நாட்காட்டி பிடித்து வைத்திருந்தது. தலைமடைக்காரர் கடைமடைக்காரருக்கு ஏன் தண்ணீர் விட்டுக்கொடுத்தார் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது: கடைமடை தன்னோடு சேர்ந்து நடாவிட்டால் அங்கே வளரும் பூச்சி தன் வயலுக்கு வரும். ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் கணினி மாதிரியில் இதைக் காட்டினார்கள். உழவரிடம் கேட்டால் தண்ணீர்த் தேவியைப் பற்றியும் சொல்வார், பூச்சியைப் பற்றியும் சொல்வார். முதல் பாதியைக் கேட்டவுடன் குறிப்பேட்டை மூடியவர்கள்தான் அதிகம்.

எல்லா வழக்கங்களும் இப்படி மறைந்த ஞானத்தைச் சுமக்கின்றன என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடுமையைத் தவிர வேறெதையும் சுமக்காதவை உண்டு. அங்கே காரணத்தைத் தேடுவது அனுமதி கேட்பதற்காக அல்ல, எந்த இடத்தில் நெம்பினால் அசையும் என்று பார்ப்பதற்காக.

சீனாவில் பெண்குழந்தைகளின் பாதத்தைக் கட்டி வளைக்கும் வழக்கத்தை 1664இலேயே காங்ஷி பேரரசரின் அரசு தடை செய்தது. சில ஆண்டுகளில் தடையைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அழகு, கற்பு என்று ஆயிரம் காரணம் சொல்லப்பட்டாலும், தாங்கி நின்றது கல்யாணச் சந்தை என்பது ஜெர்ரி மேக்கி என்ற ஆய்வாளர் 1996இல் வைத்த வாதம். தாய்க்கே பிடிக்காவிட்டாலும், தன் வீடு மட்டும் நிறுத்தினால் மகளை யார் எடுப்பார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சங்கங்கள் இந்த முடிச்சில் கை வைத்தன. உறுப்பினர் இரண்டு உறுதிமொழி தர வேண்டும்: மகளுக்குக் கட்டமாட்டேன், கட்டிய பெண்ணை மகனுக்கு எடுக்கமாட்டேன். இரண்டாவது இல்லாமல் முதலாவது நிற்காது. டிங்சியன் பகுதியில் எடுத்த கணக்குப்படி 1889க்கு முன் பிறந்த பெண்களில் 99 சதவீதத்தினருக்குப் பாதம் கட்டப்பட்டிருந்தது. 1919க்குப் பின் பிறந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. லாரல் போசன், ஹில் கேட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வேறு காரணம் காட்டுகிறார்கள்: பெண்குழந்தைகளை ஓரிடத்தில் உட்கார வைத்து நூற்கவும் நெய்யவும் வைக்கும் வீட்டுத் தொழிலோடு இது பிணைந்திருந்தது, ஆலை நூல் வந்ததும் தளர்ந்தது என்று. இப்படி இரண்டு விளக்கம் வரும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் ஆய்வாளருக்கு இருக்கலாம், உங்களுக்கு இல்லை. இரண்டும் உண்மை என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

ஒரு வழக்கம் இப்படி மற்றவர்களின் நடத்தையோடு முடிச்சுப் போட்டு நிற்கிறதா என்று பார்க்கச் சோதனைக் கேள்வி ஒன்று உண்டு: “உங்களைச் சேர்ந்த எல்லோரும் நாளையே விட்டுவிட்டால் நீங்களும் விடுவீர்களா?” ஆம் என்றால் அவரைத் தனியாக மாற்ற முயல்வது வீண், கூட்டமாகத்தான் நகர வேண்டும். உடனே கேளுங்கள், “உங்களைச் சேர்ந்தவர்கள் என்றால் யார் யார்?” இந்தப் பட்டியலில்தான் பல திட்டங்கள் சறுக்குகின்றன. செனகலில் மாலிகுண்டா பம்பாரா என்ற ஊர் 1997 ஜூலையில் பெண்ணுறுப்புச் சிதைப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. டெம்பா டியாவரா என்ற இமாம் ஓர் ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்: பெண் கொடுத்து எடுப்பது பல ஊர்களில், ஓர் ஊர் மட்டும் எப்படி முடிவெடுக்கும்? அவர் உறவு ஊர்களுக்கு நடந்தே போய்ப் பேசினார். 1998 பிப்ரவரியில் டியாபுகூ என்ற இடத்தில் 13 ஊர்கள் சேர்ந்து அறிவித்தன. கென்யாவின் மேரு பகுதியில் 1956இல் நடந்ததை இதோடு ஒப்பிடலாம். காலனி அரசின் ஆதரவோடு ஆண்கள் மட்டுமே இருந்த மூத்தோர் சபை இதே கொடுமைக்குத் தடை போட்டது. பெண்கள் பருவமடைவதையும் வயதுக் குழுவில் சேர்வதையும் எது குறிக்கும் என்பதற்கு அந்தத் தடையில் பதில் இல்லை. சிறுமிகள் தாங்களே ஒருவருக்கொருவர் செய்துகொள்ளத் தொடங்கினார்கள். மூன்று ஆண்டுகளில் 2,400க்கும் மேற்பட்டோர் மீது வழக்கு.

முடிச்சு பல நேரம் மனக்கணக்கில் மட்டும் இருக்கும். சவூதி அரேபியாவின் ரியாதில் இளம் கணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில் பெரும்பாலோர் பெண்கள் வெளியே வேலைக்குப் போவதைத் தனிப்பட்ட முறையில் ஆதரித்தார்கள். ஆனால் மற்றவர்கள் அவ்வளவு ஆதரிக்க மாட்டார்கள் என்று நினைத்தார்கள். உண்மையான எண்ணிக்கையைச் சொன்னதும், மனைவியின் பெயரை வேலைவாய்ப்புச் சேவையில் பதிய முன்வந்தவர்கள் கூடினார்கள். ஆகவே, “உங்கள் கருத்து என்ன?”, “இங்கே பத்துப் பேரில் எத்தனை பேர் அப்படி நினைப்பார்கள்?” என்ற இரண்டையும் பெயர் எழுதாத சீட்டில் வாங்குங்கள். இரண்டு எண்களுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால், பாதி வேலை அந்த எண்களை எல்லோருக்கும் சொல்வதிலேயே முடியும்.

வெறும் ஒருங்கிணைப்புக்காக நிற்கும் வழக்கத்துக்குச் சட்டமே போதும், ஆனால் ஒரே நொடியில் நடக்க வேண்டும். சுவீடன் 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிக்குச் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. 1955 வாக்கெடுப்பில் 83 சதவீதம் பேர் எதிர்த்த மாற்றம் அது. பாதி ஊர் இன்று, மீதி ஊர் அடுத்த மாதம் என்று இதைப் படிப்படியாகச் செய்ய முடியுமா?

சிலருடைய அதிகாரத்துக்காக நிற்கும் வழக்கம் வேறு ரகம். புரிந்துகொண்டால் எதிர்ப்பு கரையும் என்ற நம்பிக்கை அங்கே செல்லாது. யார் எதை இழப்பார் என்று கணக்கிட்டு, ஈடு கொடுப்பதா மோதுவதா என்று முன்கூட்டியே முடிவெடுப்பதுதான் வழி.

உயிருக்கே ஆபத்து, காத்திருக்க முடியாது என்றால்? அப்போதும் வேலைப் பட்டியல் தேவை, விரைவாகப் போட வேண்டும். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது இறந்தவரைத் தொட்டுக் கழுவும் சடங்கு நோயைப் பரப்பியது. முழுக்கவசம் அணிந்த ஆட்கள் உடலை எடுத்துப்போனார்கள். குடும்பங்கள் உடல்களை ஒளிக்கத் தொடங்கின. அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் ‘பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்’ என்ற வழிமுறையை வெளியிட்டது. குடும்பத்தின் சம்மதம் கேட்பது, தள்ளி நின்று பார்க்கவும் பிரார்த்திக்கவும் விடுவது, தண்ணீரில் கழுவுவதற்குப் பதில் உடலை நேரடியாகத் தொடாமல் செய்யும் உலர் சுத்திகரிப்பு, வெள்ளைத் துணி. மாறியது தொடுதல் மட்டும். மரியாதையோடு வழியனுப்பும் வேலை அப்படியே நின்றது.

மாற்றிப் பார்க்கும் கட்டத்தில் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, முதல் ஆட்கள். பெரு நாட்டின் லாஸ் மோலினோஸ் ஊரில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஒரு சுகாதாரப் பணியாளர் இரண்டு ஆண்டுகள் உழைத்தார். 200 குடும்பங்களில் 11 பேர்தான் மாறினார்கள். காய்ச்சிய தண்ணீர் நோயாளிக்கு உரியது என்பது அங்கே வழக்கம். அவர் கிருமியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தவிர, எளிதில் ஒப்புக்கொண்டவர்கள் நோயாளி என்று பெயரெடுத்தவரும் வெளியூர்க்காரரும். அவர்களைப் பார்த்து யாரும் மாறவில்லை. தானாக முன்வருபவர் பல நேரம் விளிம்பில் இருப்பவர் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, சோதனைக் காலம். கசப்பு மரவள்ளியை நாள் கணக்கில் ஊறவைத்தால்தான் அதன் சயனைடு நீங்கும். காங்கோவின் பண்டுண்டு பகுதியில் நகரச் சந்தைக்கு விற்கும் அவசரத்தில் ஊறவைக்கும் காலம் மூன்று நாளிலிருந்து ஒரு நாளாகச் சுருங்கிய ஊர்களில், கால்கள் செயலிழக்கும் கொன்சோ நோய் வந்தது. குறைத்து ஊறவைத்த மறுநாளே யாரும் விழவில்லை. ஒரு வாரச் சோதனை என்றால் வெற்றி என்றே எழுதியிருப்பார்கள். எனவே குறைந்தது ஒரு முழுச் சுற்று, அதிலும் கெட்ட காலம் ஒன்று உட்பட: வறட்சி, நோய், பண நெருக்கடி, தலைமை மாறும் நேரம். பல வழக்கங்கள் கெட்ட காலத்துக்காகவே இருக்கின்றன, நல்ல ஆண்டில் அவை வெட்டியாகத்தான் தெரியும். தொடங்கும் முன்பே இன்றைய அளவுகளைக் குறித்து வையுங்கள். என்ன நடந்தால் நிறுத்துவோம் என்பதையும் அப்போதே எழுதுங்கள்; பிறகு எழுதினால் மனம் சமாதானம் தேடும். ஒரு பகுதியைப் பழையபடியே விட்டுவையுங்கள்.

எவ்வளவு தேடியும் காரணமே அகப்படவில்லை என்றால் அதற்கும் ஒரு கெடு வைக்க வேண்டும். நான்கு வகை ஆட்களையும் கேட்டு, ஒரு சுற்றையும் பார்த்தாகிவிட்டது. வேலை எதுவும் தென்படவில்லை, சுமை மட்டும் தெரிகிறது என்றால் மாற்றலாம். வெற்றுப் பழக்கங்கள் நிறையவே உண்டு. அவற்றை அறிவிப்பு, விழா எதுவும் இல்லாமல் ஒரு தடவை சும்மா விட்டுப் பார்ப்பது நல்லது. யாரும் கேட்காவிட்டால் அடுத்த தடவையும். யாராவது வந்து கேட்டால் அவரை உட்கார வைத்துப் பேசுங்கள், முதல் சுற்றில் நீங்கள் கேட்கத் தவறிய ஆள் அவராக இருக்கலாம். பழைய கருவிகளை மட்டும் உடனே தூக்கிப் போடாதீர்கள், செய்யத் தெரிந்தவர்களிடம் முறையை ஒருமுறை முழுதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பிப் போக வேண்டி வந்தால் செலவு அந்த அளவோடு நிற்கும்.